வேளாண் பொறியாளருக்கு என்று தனியாக என்ன வேலை இருக்கிறது?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருப்பது இது: "வேளாண் பொறியியல் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அது டிராக்டர் ரிப்பேர் பார்க்கிற படிப்புதானே என்கிறார்கள். பயிரைப் பார்க்க வேளாண் பட்டதாரி இருக்கிறார், இயந்திரத்துக்கு மெக்கானிக்கல் பொறியாளர் இருக்கிறார், வாய்க்காலுக்கும் கட்டடத்துக்கும் சிவில் பொறியாளர் இருக்கிறார். நடுவில் வேளாண் பொறியாளருக்கு என்று தனியாக என்ன வேலை? இன்னும் பத்து வருடத்தில் அதுவும் ரோபோவுக்குப் போய்விடாதா?"

வேலைகளின் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் கிடைத்துவிடும்: பண்ணை இயந்திரங்கள், பாசனமும் வடிகாலும், மண்ணரிப்புத் தடுப்பு, அறுவடைக்குப் பின் உலர்த்தலும் சேமிப்பும், பண்ணைக் கட்டடங்கள், எரிசக்தி. ஆனால் நீங்கள் கேட்பது வேறு. மற்ற மூன்று பேரும் சேர்ந்தாலும் விட்டுப்போகிற ஏதாவது ஒன்று இவர் கையில் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது என்பதே என் பதில். நான் பல வருடங்களாகப் பாசன அமைப்புகளிலும் தானிய உலர்த்தலிலும் இயந்திரச் சோதனையிலும் வேலை பார்த்தவன். அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். கால்நடைக் கொட்டகைகளின் காற்றோட்டம், பால், இறைச்சி பதப்படுத்துதல் எல்லாம் இதே படிப்புக்குள் வருகிறவைதான், ஆனால் அவற்றை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அவற்றுக்கு அந்தத் துறையில் பழகியவர்களிடம் கேளுங்கள்.

ஓர் எஃகுத் தண்டு எவ்வளவு இழுவை தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். காலையில் ஒரு மதிப்பு, மாலையில் ஒரு மதிப்பு என்று அது மாறாது. வேளாண் பொறியாளர் கையாளுகிற பொருள்கள் அப்படி நிற்பதில்லை. பயிரை அறுத்து, கதிரடித்து, மணியைப் பிரித்தும் தருகிற ஒரு கூட்டு அறுவடை இயந்திரத்தைக் காலை எட்டு மணிக்கு வயலில் இறக்குங்கள். பனி ஈரம் இருப்பதால் தாள் நாராக வளையும், மணி கதிரை விட்டு லேசில் வராது. கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் உருளைக்கும் அதன் கீழே உள்ள சல்லடைத் தட்டுக்கும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்கு அதே வயலில் தாள் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். காலையில் வைத்த அமைப்பிலேயே ஓட்டினால் மணி உடையும். உடையாத மணியிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், விதைக்கென்று வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, பயிரிலும் எந்த நோயும் இல்லை. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் சிக்கல். அந்த இடம்தான் இவருடைய வேலை. உயிருள்ள, மணிக்கு மணி மாறுகிற ஒரு பொருளுக்கு ஏற்றபடி இரும்பையும் நீரையும் வெப்பத்தையும் கணக்கிட்டு அமைப்பது, அந்தக் கணக்கு வயலில் நிற்கிறதா என்று அளந்து பார்ப்பது. மெக்கானிக்கல் பொறியாளர் இதைக் கற்றுக்கொள்ள முடியாது என்று நான் சொல்லவில்லை. பலர் கற்றிருக்கிறார்கள். கற்ற பிறகு அவர் செய்வது வேளாண் பொறியியல்தான்.

மண்ணை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். உழவுக்குப் போகும் முன் உழவு ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்போம். ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனுக்கு உடையாமல் திரியாக நீண்டால் மண் இன்னும் குழைகிற பதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் கலப்பை இறங்கினால் கட்டி உடையாது, மண் வழித்துப் பூசப்படும். சக்கரம் ஏறினால் துளைகள் அடைந்துவிடும். திரியாகும் முன்பே பொலபொலவென்று உதிர்ந்தால் தாராளமாக இறங்கலாம். (மணற்பாங்கான மண்ணுக்கு இந்தச் சோதனை உதவாது, அது எப்போதுமே திரியாகாது.) இதில் பெரிய கருவி எதுவும் இல்லை. ஆனால் இன்று இறக்குவதா, இரண்டு நாள் பொறுப்பதா என்ற முடிவு அந்த மண்ணின் பல வருட நலத்தைத் தீர்மானிக்கும்.

ஏன் பல வருடம் என்கிறேன்? மண் இறுகுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். மேல்மண் இறுகுவதைப் பெரும்பாலும் டயரின் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. அகலமான டயர் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் அது குறையும். ஆழத்தில் அடிமண் இறுகுவதைத் தீர்மானிப்பது அச்சின் மேல் வரும் மொத்த எடை. அச்சுக்கு 10 டன் அளவில் எடை ஏறினால், ஈர மண்ணில் அந்த இறுக்கம் 40 செ.மீ.க்கும் கீழே போகிறது. அங்கே கலப்பை எட்டாது, வேரும் மண்புழுவும் அதைத் தளர்த்த வெகுகாலம் எடுக்கும். "அகல டயர் போட்டுவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்று சொல்லி இன்னும் கனமான இயந்திரத்தை வாங்குவது இதனால்தான் தவறு. உளிக்கலப்பை போட்டு ஆழத்தில் உடைக்கலாம், ஆனால் அடிமண் காய்ந்திருக்கும்போது மட்டும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போன தடம் மட்டும் மிஞ்சும், சுற்றிலும் ஒன்றும் உடையாது. உடைத்த பிறகு அதே கனத்தை மறுபடி ஏற்றினால் முன்பைவிட மோசமாக இறுகும். அதனால் இப்போது பல இடங்களில் வயலுக்குள் நிரந்தரமாகச் சக்கரத் தடங்களை ஒதுக்கி, எல்லா இயந்திரங்களையும் அந்தத் தடத்திலேயே ஓட்டுகிறார்கள். தடம் போகிற இடம் போகட்டும், மீதி மண் பிழைக்கும் என்ற கணக்கு அது. அதற்கு எல்லா இயந்திரங்களின் சக்கர அகலமும் வேலை அகலமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், அதைப் பொருத்தித் தருவதும் ஒரு பொறியாளர்தான்.

அடுத்தது உலர்த்தல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோ தானியம் 20 சதவீத ஈரத்தோடு வருகிறது. 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு தண்ணீர் வெளியேற வேண்டும்? கேட்கிற பெரும்பாலானவர்கள் 6 சதவீதம், அதாவது 60 கிலோ என்பார்கள். அது சரியில்லை. 20 சதவீத ஈரம் என்றால் காய்ந்த பொருள் 800 கிலோ. அது மாறுவதில்லை. உலர்ந்த பிறகு அந்த 800 கிலோ மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும். 800-ஐ 0.86-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 930 கிலோ. ஆக வெளியேற வேண்டியது 70 கிலோ தண்ணீர். இந்த 10 கிலோ வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆயிரக்கணக்கான டன் கையாளுகிற இடத்தில் எடை குறைந்த கணக்கைத் திருட்டு என்று நினைத்துச் சண்டை போடுவதற்கு இதுவே போதும். உலர்த்தியின் அடுப்பையும் விசிறியையும் தீர்மானிப்பதும் இந்தக் கணக்குத்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.5 மெகாஜூல் வெப்பம் அடிப்படைத் தேவை. நிஜமான உலர்த்திகள் வெளியேறும் காற்றோடும் சுவர் வழியாகவும் இழப்பதால் அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்குகூட எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடித்துவிடலாமே? இங்கேதான் உயிருள்ள பொருள் குறுக்கே வருகிறது. நெல்மணியை வேகமாகச் சூடாக்கினால் வெளிப்பகுதி காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில் அரிசியில் குறுக்கே கீறல் விழும். பார்வைக்கு நெல் நன்றாகவே இருக்கும். ஆலையில் அரைக்கும்போதுதான் முழு அரிசிக்குப் பதில் நொய்யாகக் கொட்டும். அதனால் ஒரு தடவை சூடான காற்றில் ஓரளவு உலர்த்திவிட்டு, சில மணி நேரம் சும்மா குவித்து வைத்துவிடுவோம். உள்ளே இருக்கும் ஈரம் மெதுவாக வெளிப்பக்கம் வந்து சமமாகும். பிறகு மறுபடி உலர்த்துவோம். விசிறியை நிறுத்தி வைத்திருக்கும் அந்த நேரம் வீண் நேரமாகத் தெரியும், ஆனால் தரம் காப்பாற்றப்படுவதே அப்போதுதான். விதைத் தானியம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். காற்றின் வெப்பம் ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் வரம்பு. தாண்டினால் கரு செத்துவிடும், விதை விதையாக இருக்காது.

சேமிப்புக் கிடங்கிலும் இதே போல ஏமாற்றுகிற சிக்கல் ஒன்று உண்டு. சரியாக உலர்த்திய தானியத்தை உலோகக் கொள்கலனில் போட்டு மூடிவிட்டோம், இனி என்ன என்று நினைப்போம். வெளியே குளிர் அடிக்கும்போது சுவரை ஒட்டிய தானியம் குளிரும், நடுவில் இருப்பது வெதுவெதுப்பாகவே இருக்கும். காற்று சுவரோரமாகக் கீழே இறங்கி, நடுவழியாக மேலேறும். ஏறும்போது ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போய், குளிர்ந்திருக்கும் மேல்பரப்பில் விடும். எங்கிருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமலேயே மேலடுக்கு நனைந்து பூசணம் பிடிக்கும். கூரை ஒழுகுகிறது என்று ஆளை ஏற்றித் தேடுவார்கள், ஓட்டை இருக்காது. தீர்வு, கீழிருந்து மெல்லக் காற்றை ஊதி முழுக் குவியலையும் ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவருவது. அதையும் எந்த நேரத்தில் ஊதுவது என்று பார்க்க வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் இரவில் விசிறியை ஓடவிட்டால் உலர்ந்த தானியம் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இந்தப் பகுதியில் சந்தேகம் எதுவும் இல்லை, இயற்பியலும் அனுபவமும் ஒத்துப்போகிற இடம் இது.

நீரைப் பொறுத்தவரை பொறியாளரிடம் வரும் முதல் கேள்வி எப்போதும் "எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் இருப்பதே நல்ல பொறியாளருக்கு அடையாளம். முதலில் பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது 10,000 லிட்டர். வெயில் காலத்தில் ஒரு பயிர் நாளுக்கு 5 மி.மீ. எடுக்கிறது என்றால் 50,000 லிட்டர். வினாடிக்கு 10 லிட்டர் தருகிற பம்ப் மணிக்கு 36,000 லிட்டர் தரும். ஒரு சொட்டும் வீணாகாவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகப் போதும், நடைமுறையில் இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுவோம். அப்புறம் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும், குழாயில் உராய்வால் எவ்வளவு அழுத்தம் போகும், கடைசியில் எவ்வளவு அழுத்தம் தேவை என்று எல்லாவற்றையும் கூட்ட வேண்டும் (அழுத்தத்தையும் அது தண்ணீரைத் தூக்கக்கூடிய உயரமாக மீட்டரிலேயே சொல்வோம்). மொத்தம் 30 மீட்டர் வருகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 10 லிட்டரை அவ்வளவு தூக்க 2.9 கிலோவாட் வேண்டும். பம்ப்பின் செயல்திறன் 60 சதவீதம் என்றால் அதன் தண்டுக்கு 4.9 கிலோவாட், அதாவது ஆறரைக் குதிரைத்திறன் போக வேண்டும். கடையில் கிடைக்கும் அதற்கு அடுத்த பெரிய மோட்டாரைப் போடலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று அதைவிட இரண்டு மடங்கு போடுவது மின்சாரத்தை வீணாக்குவதோடு, கிணறு ஊறுவதைவிட வேகமாக இறைத்து பம்ப்பை வெறுமனே ஓடவும் வைக்கும்.

குழாயில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. உராய்வு இழப்பு குழாயின் விட்டத்தோடு ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. 75 மி.மீ. குழாய்க்குப் பதிலாக 63 மி.மீ. போட்டால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் அதே நீரோட்டத்துக்கு இழப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். குழாய் வாங்கும்போது ஒரு முறை மிச்சப்படுத்தியதை அமைப்பின் ஆயுள் முழுக்க மின்கட்டணமாகக் கட்டுவார்கள். சொட்டு நீர்ப்பாசனத்தில் இதன் விளைவு நேரடியாகப் பயிரில் தெரியும். செடிக்குச் செடி நீரைச் சொட்டவிடும் சிறு துவாரக் கருவியான சாதாரணச் சொட்டுவானில் நீரளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வரிசையின் தொடக்கத்தில் 10 மீட்டர் அழுத்தமும் கடைசியில் 5 மீட்டரும் இருந்தால், கடைசிச் செடிக்கு 30 சதவீதம் குறைவாகக் கிடைக்கும். கடைசிச் செடி வாடுகிறதே என்று கூடுதல் நேரம் ஓட்டினால் முதல் செடியின் வேர் தண்ணீரில் நிற்கும், உரம் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு, யாரும் செய்யலாம். வயலில் பல இடங்களில், முக்கியமாக மேட்டிலும் பள்ளத்திலும் வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும், சொட்டுவானுக்குக் கீழே ஒரே அளவான டப்பாக்களை ஒரே நேரம் வைத்து நீரை அளந்து எழுதுங்கள். மிகக் குறைவாக வந்த கால்வாசி டப்பாக்களின் சராசரியை எல்லா டப்பாக்களின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 0.9-க்கு மேல் வந்தால் அமைப்பு நன்றாக இருக்கிறது. 0.7-க்குக் கீழே வந்தால் அழுத்தமோ வடிகட்டியோ எங்கோ பழுது. குறைவாக வந்தவை எல்லாம் வரிசையின் கடைசியில் இருந்தால் அழுத்தப் பிரச்சினை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அடைப்பு, வடிகட்டியைத் திறந்து பாருங்கள். புதிதாக நிறுவி அடுத்த நாளே இந்தச் சோதனையைச் செய்து எண்ணை எழுதி வைக்கச் சொல்வேன். இரண்டு வருடம் கழித்து ஒப்பிட வேறு எதுவும் இருக்காது.

சொட்டு நீரைப் பற்றிப் பேசும்போது உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது என் கடமை. சரியாக அமைத்துப் பராமரித்தால் அந்த வயலுக்குப் பாய்ச்சுகிற நீர் கணிசமாகக் குறையும் என்பது உறுதி. இதனால் அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் மட்டம் காப்பாற்றப்படும் என்று அடுத்த படி தாவுவதுதான் உறுதியில்லாதது. வாய்க்காலில் பாய்ச்சும்போது "வீணாகும்" நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி யாரோ ஒருவரின் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, மிச்சமான நீரில் இன்னும் கொஞ்சம் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவந்தால், மொத்தமாகப் பயிர்கள் ஆவியாக்குகிற நீர் கூடவும் செய்யலாம். பல நாடுகளில் இப்படி நடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவியால் மட்டும் நீரை மிச்சப்படுத்த முடியாது, எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பும் சேர்ந்து வர வேண்டும். இந்த உண்மையை விற்பனைப் பிரசுரத்தில் பார்க்க முடியாது. ஒரு பொறியாளர் சொல்லத்தான் வேண்டும்.

மண்ணரிப்புத் தடுப்பு பற்றி ஒரு வார்த்தையோடு நகர்கிறேன். சரிவில் ஓடும் நீரின் வேகத்தையும் தூரத்தையும் குறைப்பதே அதன் சாரம். சம உயர வரப்பு, படிவரப்பு, புல் போர்த்திய வடிகால் எல்லாம் அந்த இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. வரப்பு போடுவதில் ஆர்வம் காட்டுகிறவர்கள் வரப்பு நிரம்பினால் நீர் எங்கே போகும் என்பதைத் திட்டமிடாமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் குறை. போக வழி இல்லாத வரப்பு ஒரு பெருமழையில் உடையும், உடைந்தால் வரப்பே இல்லாததைவிட ஆழமான ஓடை விழும்.

இந்தத் தொழிலில் வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு பங்கு, நடுநிலைச் சாட்சியாக இருப்பது. முதல் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவில் எத்தனையோ நிறுவனங்கள் டிராக்டர் விற்றன. விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறன் வயலில் வரவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மாட் குரோசியர் என்ற விவசாயி அப்படி வாங்கி நொந்தவர். அவர் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1919-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: அங்கே விற்கப்படும் டிராக்டர் வகைகளைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியாளர்கள் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். 1920-இல் சோதனைகள் தொடங்கின. மற்ற இயந்திரங்களைச் சுழற்றும் பட்டை (பெல்ட்) வழியே எவ்வளவு திறன், இழுகொக்கியில் எவ்வளவு இழுவை, எவ்வளவு எரிபொருள் என்று ஒரே முறையில் அளந்து வெளியிட்டார்கள். அளந்து சொல்ல ஒருவர் வந்த பிறகு, பொய் சொல்லி விற்க முடியாமல் போனது. 1959-இல் பொருளாதார ஒத்துழைப்புக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பும் டிராக்டர் சோதனைக்குப் பொது விதிமுறைகளை வகுத்தது. இப்போது பல நாடுகளின் சோதனை முடிவுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள அதுவே அடிப்படை. இன்று ஓர் இயந்திரத்தின் அறிக்கையில் இழுதிறனைப் பார்த்து நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் அந்த எண்ணுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

பாதுகாப்பும் அப்படித்தான். ஹாரி பெர்குசன் டிராக்டரையும் கருவியையும் மூன்று புள்ளிகளில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் (ஹைட்ராலிக்) கருவியைத் தூக்கி இறக்கும் அமைப்பைக் கொண்டுவந்தார். 1936-இல் அது விற்பனைக்கு வந்தது, இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அதன் பல பயன்களில் ஒன்று, கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும் ஆபத்தைக் குறைத்தது. ஆனாலும் இன்றுவரை பின்னச்சுக்கு மேலே எங்காவது சங்கிலியைக் கட்டி மரத்துண்டு இழுக்கிறவர்கள் உண்டு. அப்படி இழுத்து முன்சக்கரம் தூக்க ஆரம்பித்தால், இனித் திரும்பாது என்ற நிலையை எட்ட ஒரு வினாடிகூட ஆகாது. ஓட்டுநர் உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குள் முடிந்துவிடும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மனித உடல் அந்த வேகத்துக்கு எதிர்வினை செய்யாது. அதனால் கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காத இரும்புச் சட்டகமும், அதற்குள்ளேயே ஆளைப் பிடித்து வைக்கும் இருக்கைப் பட்டையும் வடிவமைக்கப்பட்டன. ஸ்வீடன் 1959-இலேயே புதிய டிராக்டர்களில் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பது ஏறக்குறைய இல்லாமலே போனது. இந்த விஷயத்தில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை: மரத்தடியில் இடிக்கிறது என்று சட்டகத்தைக் கழற்றிப் போட்டிருக்கும் டிராக்டரைப் பார்த்தால் மாட்டச் சொல்லுங்கள். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டின் மேலுறையும் அப்படியே. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. தொளதொளவென்ற சட்டையின் நுனி அதில் மாட்டினால் ஒரு வினாடியில் ஒன்றரை, இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும்.

இனி ரோபோ கேள்வி. செயற்கைக்கோள் வழிகாட்டலோடு, அதன் பிழையைச் சரிசெய்யும் திருத்தச் சமிக்ஞையும் கிடைத்தால், டிராக்டரை 2, 3 செ.மீ. துல்லியத்தில் ஒரே தடத்தில் ஓட்ட முடிகிறது. இது சோதனை நிலையைத் தாண்டி அன்றாட வழக்கமாகிவிட்டது. களையை மட்டும் அடையாளம் கண்டு தெளிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. வயலின் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு அளவில் உரமிடும் இயந்திரங்களும் இருக்கின்றன. அவற்றின் லாபம் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வயலுக்குள் மண் வேறுபாடு அதிகமாக இருந்தால் பலன் தெரியும், ஒரே சீரான மண்ணில் செலவுதான் மிச்சம். பழம் பறிக்கும் ரோபோ, மென்மையான பழத்தை இலைக்குப் பின்னாலிருந்து அடிபடாமல் மனிதக் கையின் வேகத்தில் பறிப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. எந்த வருடம் எது மாறும் என்று நாள் குறித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒன்றை மட்டும் அனுபவத்திலிருந்து சொல்வேன். ட்ரோனில் தெளித்தாலும் முதுகில் சுமந்து தெளித்தாலும், நாசில், அதாவது மருந்து வெளிவரும் தெளிப்பு முனை, தேய்ந்திருந்தால் மருந்து கூடுதலாகத்தான் போகும். புது நாசில் தருவதைவிட 10 சதவீதம் அதிகம் கொட்டினால் மாற்ற வேண்டும் என்பது விதி. துளி மிகச் சிறிதாக இருந்தால் காற்றில் பக்கத்து வயலுக்குப் போகும், பெரிதாக இருந்தால் இலையிலிருந்து உருண்டு விழும். கருவி எவ்வளவு புத்திசாலியானாலும் இவற்றை அளந்து சரிசெய்ய ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலை குறைவதற்குப் பதிலாகக் கூடுவதையே நான் பார்த்து வருகிறேன்.

இவருக்கு எல்லையும் உண்டு. எந்த ரகம் விதைப்பது, எந்தப் பூச்சிக்கு என்ன செய்வது என்று வேளாண் பொறியாளர் தனியாக முடிவெடுக்கக் கூடாது, அது பயிர் அறிவியல் படித்தவரின் இடம். பெரிய அணையின் கட்டமைப்புக் கணக்கு சிவில் பொறியாளரின் இடம். அதேபோல ஓர் இயந்திரம் வேலை செய்கிறது என்பது அதை வாங்கலாம் என்பதாகிவிடாது. வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் அறுவடை இயந்திரத்தின் தேய்மானமும் வட்டியும் அந்தச் சில நாளின் மேலேயே விழும். பத்துப் பேர் சேர்ந்து பகிர்ந்தாலோ வாடகைக்கு எடுத்தாலோதான் கட்டுப்படி ஆகும் என்றால், "வாங்காதீர்கள்" என்று சொல்வதும் பொறியாளரின் பதில்தான்.

உங்கள் முடிவுக்கு வருவோம். கணிதமும் இயற்பியலும் பிடித்திருக்க வேண்டும், அது இல்லாமல் முதல் இரண்டு வருடம் கஷ்டம். திரவ இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், பொருள்களின் வலிமை எல்லாம் மற்றப் பொறியாளர்களுக்கு இருப்பதுபோலவே இருக்கும். அதோடு மண்ணியலும் பயிரியலும் சேர்ந்து வரும். வேலை அரசுத் துறைகள், இயந்திரத் தயாரிப்பாளர்கள், பாசன நிறுவனங்கள், உணவுப் பதப்படுத்தும் ஆலைகள், ஆராய்ச்சி நிலையங்கள் என்று பரவியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் எண்ணிக்கை வேறு, போட்டி வேறு. மெக்கானிக்கல் பட்டதாரிக்கு இருப்பதைவிடக் கதவுகள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். படிக்கப்போகும் கல்லூரியில் சோதனை வயலும் பட்டறையும் உண்மையிலேயே இயங்குகின்றனவா என்று நேரில் பாருங்கள். வகுப்பறை மட்டுமே இருந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள, அறுவடை நடக்கும் ஒரு வயலுக்கு உரிமையாளரின் அனுமதியோடு போங்கள். இயந்திரத்திலிருந்து தள்ளியே நில்லுங்கள். அது கடந்து தூரம் போன பிறகு தரையில் ஒரு சதுர மீட்டரைக் கயிற்றால் குறித்து, சிந்திய மணிகளை எண்ணுங்கள். நெல்லில் ஆயிரம் மணியின் எடை சுமார் 25 கிராம். ஆக சதுர மீட்டருக்கு 40 மணி என்றால் ஹெக்டேருக்கு 10 கிலோ இழப்பு, 400 மணி என்றால் 100 கிலோ. இயந்திரம் கடக்காத இடத்திலும் ஒரு சதுர மீட்டர் எண்ணுங்கள், ஏனென்றால் தானாக உதிர்ந்ததை இயந்திரத்தின் கணக்கில் எழுதக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, வெட்டும் பகுதியில் போகிறதா, பின்னால் வைக்கோலோடு போகிறதா என்று தேட வேண்டும் என்ற ஆர்வம் வந்தால், தயங்காமல் சேருங்கள்.